சென்னையா, பெங்களூரா? தங்கவயலின் 18 சீசன் வழக்கு

ஐபிஎல் தொடங்கிவிட்டால் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டு. அண்ணன் சென்னையின் சிஎஸ்கே, மஞ்சள் ஜெர்சி; தம்பி பெங்களூரின் ஆர்சிபி, சிவப்பு ஜெர்சி. சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்த அணி என்ற கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. பெங்களூருக்காரருக்கும் அப்படித்தான். தங்கவயலில் அது எழுவதற்கு இந்த ஊரின் வரலாறே காரணம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபின் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள்தான் ஊரில் பெரும்பாலோர். வீட்டில் பேசுவது தமிழ், தியேட்டரில் பார்ப்பது தமிழ்ப் படம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகோ பிழைப்பு முழுக்க பெங்களூர்ப் பக்கம் திரும்பிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் இருட்டோடு ரயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் போய், இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மொழி சென்னைப் பக்கம் இழுக்கிறது, சோறு பெங்களூர்ப் பக்கம் இழுக்கிறது.

ரயில் பெட்டியிலும் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையிலும் நடக்கும் வாதத்தைக் கவனித்துக் கேட்டால் அது மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். யார் நன்றாக அடிக்கிறார்கள்? யார் நன்றாக ஓடுகிறார்கள்? இந்த வருடம் கப் யாருக்கு? அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களும் தங்கள் அணியைப் பற்றி இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), எத்தனை பேஸ் திருட்டு, சீசன் எங்கே போய் முடியும். ஆகவே 2008 முதல் 2025 வரையிலான 18 சீசன்களை வைத்து இரண்டு அணிகளையும் இந்த மூன்று கேள்விகளாலும் அளக்கலாம். தேவைப்படும் இடத்தில் பேஸ்பாலையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு அணிகளும் கப் வென்ற வருடங்களில் ஒன்றுபோலத்தான் விளையாடியிருக்கின்றன. தோற்ற வருடங்களில்தான் அவை வேறு வேறு.

அடி

அதிரடியை மட்டும் பார்த்தால் ஆர்சிபியோடு போட்டி போட சிஎஸ்கேவால் முடியாது. 2013 ஏப்ரல் 23 அன்று பெங்களூரின் சின்னசாமி ஸ்டேடியத்தில் புனே அணிக்கு எதிராக கிறிஸ் கெயில் 66 பந்தில் 175 ரன் அடித்தார். 17 சிக்ஸர், 13 ஃபோர், சதத்துக்கு 30 பந்து. அணியின் ஸ்கோர் 263. ஐபிஎல்லின் உச்ச ஸ்கோராக அது 2024 வரை நின்றது. 2016 மே 14 அன்று குஜராத் லயன்ஸுக்கு எதிராக விராட் கோலியும் ஏபி டிவில்லியர்ஸும் சேர்ந்து 229 ரன் குவித்தார்கள். அந்த சீசனில் கோலி மட்டும் 973 ரன், நான்கு சதம். தங்கவயலில் ஆர்சிபி ரசிகர் ஒருவர் இந்த எண்களை வரிசையாக எடுத்து வைத்தால் எதிரில் இருப்பவர் சற்று நேரம் பேசாமல்தான் இருக்க வேண்டும்.

ஆனால் சிஎஸ்கே அடிக்கத் தெரியாத அணி என்பது தவறு. 2010-இல் ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 127 ரன் அடிக்க, அணி 246 எடுத்தது. 2018 ஃபைனலில் ஷேன் வாட்சன் 117 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கப்பை எடுத்துக்கொடுத்தார். வித்தியாசம் அடியின் பலத்தில் இல்லை. அந்த அடி எத்தனை பேரிடமிருந்து வந்தது என்பதில் இருக்கிறது.

சிஎஸ்கே வென்ற ஐந்து ஃபைனல்களிலும் அந்த அணியில் அதிக ரன் எடுத்தவர்களைப் பாருங்கள். 2010-இல் சுரேஷ் ரெய்னா 57, 2011-இல் முரளி விஜய் 95, 2018-இல் வாட்சன் 117, 2021-இல் ஃபாஃப் டு பிளெசி 86, 2023-இல் டெவன் கான்வே 47. ஐந்து ஃபைனல், ஐந்து பேர். கேப்டன் தோனியின் பெயரே இந்தப் பட்டியலில் கிடையாது. பழைய ஆர்சிபியிலோ சுமை முழுக்க முதல் மூன்று பேர் தலையில். 2011 ஃபைனலில் முதல் ஓவரிலேயே அஸ்வின் கெயிலை ரன் எதுவும் எடுக்கவிடாமல் அனுப்பினார். 58 ரன் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. 2016 ஃபைனலில் 209 ரன் இலக்கைத் துரத்தியபோது கெயிலும் கோலியும் பத்தரை ஓவரில் 114 ரன் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்களால் மீதியை முடிக்க இயலவில்லை. எட்டு ரன்னில் கப் ஹைதராபாத்துக்குப் போனது.

இந்தப் பலவீனத்தைக் காட்ட ஒரு தேதியே போதும். கெயில் 175 அடித்த அதே ஏப்ரல் 23 அன்று, நான்கு வருடம் கழித்து 2017-இல், கொல்கத்தாவுக்கு எதிராக ஆர்சிபி 49 ரன்னுக்குச் சுருண்டது. ஐபிஎல் வரலாற்றில் அதைவிடக் குறைந்த ஸ்கோர் இல்லை. உச்சமும் பள்ளமும் ஒரே அணிக்கு வாய்த்தது தற்செயல் அல்ல. முன்வரிசை நின்றால் மலை, சாய்ந்தால் மடு என்று கட்டப்பட்ட அணி அது.

மைதானத்தையும் கணக்கில் சேர்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசானது, பவுண்டரியும் சிறியது. 2024 ஏப்ரல் 15 அன்று அங்கே ஹைதராபாத் 287 அடிக்க, ஆர்சிபி 262 அடித்துத் தோற்றது. ஒரே ஆட்டத்தில் 549 ரன். சென்னையின் சேப்பாக்கம் பிட்ச் பெரும்பாலும் மெதுவானது, பந்து சுழலும். அங்கே 50 அடிப்பதும் சின்னசாமியில் 50 அடிப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவிலும் பேஸ்பால் மைதானங்கள் ஒன்றுபோல இல்லை. உயரமான டென்வர் நகரத்தில் அடித்த ஹோம் ரன்களை அங்குள்ள ரசிகர்கள் மைதானத்துக்கு ஏற்றபடி குறைத்துத்தான் மதிப்பிடுவார்கள். நம் வாதத்திலும் அந்த நியாயம் வேண்டும்.

ஓட்டம்

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய கென்னத் பவல் பிறந்த ஊர் தங்கவயல். ஆனாலும் வாதத்தில் ஓட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. சிக்ஸரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை இரண்டாக்கிய ரன்னை யாரும் எண்ணி வைப்பதில்லை.

பேஸ்பாலில் ஓட்டத்துக்குத் தனிக் கணக்கே உண்டு. ஒரு பேஸில் நிற்பவர், பந்து எறிபவர் எறியத் தொடங்கும் நேரம் பார்த்து, யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்குப் பாய்வதைத்தான் திருட்டு என்கிறார்கள். பேஸுக்குப் பேஸ் 90 அடி. கிரிக்கெட்டில் கிரீஸிலிருந்து கிரீஸுக்கு 58 அடி. ரிக்கி ஹெண்டர்சன் 1982-இல் ஒரே சீசனில் 130 முறை திருடினார், 42 முறை பிடிபட்டார். ஏறத்தாழ நான்கு முயற்சியில் மூன்று வெற்றி. திருட்டு லாபமா நஷ்டமா என்பதற்கு பேஸ்பால் கணக்கர்கள் போடும் எல்லைக் கோடும் கிட்டத்தட்ட அதுதான். அதற்குக் கீழே போனால் ஓடாமல் நிற்பதே மேல். 2023-இல் பேஸ் பலகையின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பந்து எறிபவர் ஓட்டக்காரரை மிரட்டி நிறுத்தும் வாய்ப்பையும் குறைத்தார்கள். முந்தின வருடம் 2,486 ஆக இருந்த திருட்டு 3,503 ஆகியது. ஓடுவது லாபம் என்று தெரிந்ததும் எல்லோரும் ஓடினார்கள்.

டி20-க்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் தெரியவரும். பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட்தான், ஆனால் பந்துக்கு வரம்பு இல்லை. டி20-யில் பந்து 120, விக்கெட் பத்து. சராசரியாகப் பன்னிரண்டு பந்துக்கு ஒரு விக்கெட்டைக் கொடுத்தாலும் கணக்குச் சரியாகிவிடும். அதாவது பேஸ்பாலில் அவுட்தான் விலையுயர்ந்தது. டி20-யில் பந்துதான் விலையுயர்ந்தது. எனவே துணிந்து ஓடும் இரண்டாவது ரன்னுக்கு பேஸ்பால் திருட்டைவிட டி20-யில்தான் அதிக நியாயம் இருக்கிறது. ஆனால் ரன் அவுட் ஆகப்போவது யார் என்பதையும் ஓடுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிஎஸ்கே ரசிகர்களுக்கு இது 2019 மே 12 அன்று புரிந்தது. மும்பைக்கு எதிரான ஃபைனல், இலக்கு 150. தோனி இரண்டாவது ரன்னுக்குப் போய், இஷான் கிஷன் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட, இரண்டே ரன்னில் ரன் அவுட். முழங்காலில் ரத்தம் கசியக் கசிய 80 ரன் எடுத்திருந்த வாட்சன் கடைசி ஓவரில் அதேபோல இரண்டாவது ரன்னுக்குப் போய் ரன் அவுட். ஒரு ரன்னில் கப் போனது. ஓட்டத்தால் வளர்ந்த அணி அன்று ஓட்டத்தாலேயே தோற்றது. போனது வெறும் இரண்டு விக்கெட் அல்ல, ஆட்டத்தை முடித்துக்கொடுக்கக்கூடிய இரண்டு பேர்.

ஆர்சிபி பக்கம் ஓட்டம் என்றால் கோலிதான். சிக்ஸர் அடிக்கும் அணியில் இருந்துகொண்டே ஒவ்வொரு ஒன்றையும் இரண்டாக்கப் பார்க்கும் ஆட்டம் அவருடையது. ஓட்டத்தில் யார் பெரியவர், கோலியா தோனியா என்று இருதரப்பும் அடித்துக்கொள்ளும்போது 2016 மார்ச் 27-ஐ நினைவுபடுத்த வேண்டும். மொகாலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20 உலகக் கோப்பை ஆட்டம். இலக்கு 161. கோலி 82 ரன்னோடும் தோனி 18 ரன்னோடும் கடைசி வரை நின்று முடித்தார்கள். பெரிய அடிக்கு முன்னால் அவர்கள் ஓடி எடுத்த இரண்டு ரன்கள்தான் ஃபீல்டர்களைத் திணறடித்தன. அன்று இருவரும் ஒரே நிற ஜெர்சியில் ஓடினார்கள். ஓட்டத்தில் இந்த இரண்டு அணிகளின் தலைமகன்களையும் நான் சமமாகவே வைப்பேன். மீதிப் பேரைச் சேர்த்துப் பார்த்தால் ரெய்னா, டு பிளெசி, ஜடேஜா என்று வரிசையாக ஓடிய சிஎஸ்கேவுக்கு ஒரு படி அதிகம் கொடுப்பேன்.

இரண்டு தொப்பிகள்

வாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் தரப்பு பந்துவீச்சு. அதை ஒப்பிட எளிய வழி தொப்பிகளை எண்ணுவது. சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கு ஆரஞ்சுத் தொப்பி, அதிக விக்கெட் எடுத்தவருக்கு ஊதாத் தொப்பி.

ஆர்சிபிக்கு ஆரஞ்சுத் தொப்பி நான்கு முறை: கெயில் 2011, 2012, கோலி 2016, 2024. ஊதாத் தொப்பி ஒரே முறை: 2021-இல் 32 விக்கெட் எடுத்த ஹர்ஷல் படேல். சிஎஸ்கேவுக்கு ஆரஞ்சு மூன்று முறை: மேத்யூ ஹெய்டன் 2009, மைக்கேல் ஹஸ்ஸி 2013, ருதுராஜ் கெய்க்வாட் 2021. ஊதா நான்கு முறை: டுவைன் பிராவோ 2013, 2015, மோகித் சர்மா 2014, இம்ரான் தாஹிர் 2019. ஒன்று ரன்னை நம்பிய அணி, மற்றொன்று விக்கெட்டை நம்பிய அணி. இரண்டின் குணத்தையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கதை இதோடு முடியவில்லை. ஆர்சிபி ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய நான்கு வருடத்திலும் கப் வரவில்லை. சிஎஸ்கே ஊதாத் தொப்பி வாங்கிய நான்கு வருடத்திலும் கப் வரவில்லை. சிஎஸ்கே வென்ற ஐந்து கப்பில் நான்கு, அணியில் யாருக்கும் எந்தத் தொப்பியும் இல்லாமல் வந்தவை. 2021 மட்டும் விதிவிலக்கு. 2023-இல் ஆரஞ்சுத் தொப்பி ஷுப்மன் கில்லுக்கு, ஊதாத் தொப்பி முகமது ஷமிக்கு. இருவரும் குஜராத் டைட்டன்ஸ், ஃபைனலில் சிஎஸ்கேவிடம் தோற்றதும் அதே குஜராத்தான். 2025-இல் மறுபடியும் இரண்டு தொப்பியும் குஜராத்துக்கு, சாய் சுதர்சனும் பிரசித் கிருஷ்ணாவும். கப் வென்றது ஒரு தொப்பியும் இல்லாத ஆர்சிபி.

அந்த 2025 ஆர்சிபியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரஜத் படிதார் கேப்டன். அந்த சீசனில் ஆர்சிபி பக்கம் ஒன்பது வெவ்வேறு பேர் ஆட்ட நாயகன் விருது வாங்கினார்கள். லக்னோவுக்கு எதிராக 228 ரன்னைத் துரத்தியபோது முடித்துக்கொடுத்தவர் ஜிதேஷ் சர்மா, 33 பந்தில் 85. முதல் குவாலிஃபையரில் பஞ்சாபை 101 ரன்னுக்குச் சுருட்டி, பத்தே ஓவரில் ஆட்டத்தை முடித்தார்கள். ஜோஷ் ஹேசல்வுட் சீசனில் 22 விக்கெட் எடுத்தார். ஜூன் 3 ஃபைனலில் ஆர்சிபி எடுத்த 190-இல் ஒருவர்கூட அரைசதம் தொடவில்லை. கோலியின் 43 தான் அதிகம். ஆட்ட நாயகன் நான்கு ஓவரில் 17 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்த க்ருணால் பாண்டியா. பஞ்சாப் 184. ஆறு ரன் வெற்றி. 2009-இல் முதல் ஃபைனலில் டெக்கான் சார்ஜர்ஸிடம் அதே ஆறு ரன்னில் தோற்ற அணி இது.

இந்த விவரத்தைப் பெயர் சொல்லாமல் ஒரு சிஎஸ்கே ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள். ஒருவரை மட்டும் நம்பாத பேட்டிங், கடைசியில் கை கொடுக்கும் பந்துவீச்சு, நெருக்கடியில் பதறாத சுழல். தன் அணியின் 2010-ஐயோ 2018-ஐயோ சொல்வதாகத்தான் அவர் நினைப்பார். ஒரு டன் பாறையை அரைத்தால் சில கிராம் தங்கம்தான் கிடைக்கும் என்பது தங்கவயலுக்குத் தெரியும். கப்பும் அப்படித்தான், கண்ணில் படாத வேலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது.

அதே 2025-இல் சிஎஸ்கே எதிர்த்திசையில் போனது. மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் ஆர்சிபி 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த மைதானத்தில் 2008-க்குப் பிறகு அதுவே சிஎஸ்கேவுக்கு எதிராக அதன் முதல் வெற்றி. அன்று ஒன்பதாவதாக இறங்கிய தோனி 16 பந்தில் 30 அடித்தார். ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள், ஆனால் ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. ஏப்ரல் 11 அன்று அதே மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 103 ரன்தான் எடுக்க முடிந்தது. சீசன் முடிவில் முதன்முறையாகக் கடைசி இடம். ஒரு மனிதரின் வருகைக்காகக் காத்திருக்கும் கூட்டமாக சிஎஸ்கே ரசிகர்கள் மாறிப்போனார்கள். பழைய ஆர்சிபிக்கு இருந்த நோய் அதுதான்.

இந்த வருடம் கப் யாருக்கு?

தங்கவயலில் இந்தக் கேள்வி இரண்டாவது வார ஆட்டங்களிலேயே தீர்ந்துபோனதுபோலப் பேசப்படும். அமெரிக்காவின் பேஸ்பால் அணி ஒன்று சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அங்கே 14 ஆட்டம் என்பது ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதை வைத்து யாரும் அணியின் தலையெழுத்தை எழுதமாட்டார்கள். நமக்கோ லீக் சுற்றின் நீளமே 14 ஆட்டம்தான். டாஸ், பனி, ஒரு கேட்ச் எல்லாம் சேர்ந்து புரட்டிப்போடப் போதுமான அளவுக்குச் சிறிய சீசன் இது.

சான்றுகள் இரண்டு பக்கமும் உண்டு. 2010-இல் சிஎஸ்கே லீக் சுற்றில் ஏழு வெற்றி, ஏழு தோல்வி. கடைசிக் கட்டத்தில் தர்மசாலாவில் தோனி இர்ஃபான் பதானின் ஓவரில் அடித்த சிக்ஸர்களால்தான் அரையிறுதிக்கே போனது. கப்பையும் வென்றது. 2024-இல் ஆர்சிபி முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்றது, அடுத்த ஆறையும் வென்றது. மே 18 அன்று சின்னசாமியில் சிஎஸ்கே 201 எடுத்தாலே பிளேஆஃப் என்ற நிலையில் 191-இல் நின்றுவிட, இரண்டு அணிக்கும் 14 புள்ளி, ரன் ரேட்டில் ஆர்சிபி உள்ளே போனது. தோல்விக் கணக்கை வைத்து ஏப்ரலிலேயே ஆர்சிபியைக் கைகழுவியவர்கள் மே மாதத்தில் வாயடைத்துப் போனார்கள்.

போன வருடத்துப் பட்டியலும் இந்த வருடத்துக்கு வழிகாட்டாது. சிஎஸ்கே 2020-இல் ஏழாவது, 2021-இல் சாம்பியன். 2022-இல் ஒன்பதாவது, 2023-இல் சாம்பியன். ஆர்சிபி 2016-இல் ஃபைனல், 2017-இல் கடைசி. அப்படியானால் எதை வைத்து சீசனைக் கணிப்பது? 18 வருடக் கணக்கு மூன்று அடையாளங்களைக் காட்டுகிறது. ஒன்று, முதல் மூன்று விக்கெட் சீக்கிரம் விழுந்த ஆட்டங்களில் அணி என்ன செய்கிறது. இரண்டு, வெளியூரில் என்ன செய்கிறது. 2025-இல் ஆர்சிபி வெளியூரில் ஆடிய ஏழு லீக் ஆட்டத்தையும் வென்றது, அதற்கு முன் எந்த அணியும் அப்படி வென்றதில்லை. மூன்று, ஆட்ட நாயகன் விருது எத்தனை பேருக்குப் பிரிந்து போகிறது. இந்த மூன்றும் நன்றாக இருக்கும் அணியைத்தான் நான் நம்புவேன், எந்த நிற ஜெர்சியாக இருந்தாலும்.

தீர்ப்பு

அடியில் ஆர்சிபி. ஓட்டத்திலும் பந்திலும் சிஎஸ்கே. கப் கணக்கில் ஐந்துக்கு ஒன்று. ஆனால் 2025 காட்டியது வேறு. சிஎஸ்கேவின் பலம் என்று நாம் பேசிவந்தது ஒரு ஊருக்குப் பட்டா போட்ட சொத்து அல்ல. பெங்களூர் அதைக் கற்றுக்கொண்டது, சென்னை அதைத் தவறவிட்டது. ஷோஹெய் ஒட்டானி 2024-இல் 54 ஹோம் ரன் அடித்து, 59 பேஸ் திருடி, நான்கே முறை பிடிபட்டபோது, அடிப்பவர் வேறு ஓடுபவர் வேறு என்ற பழைய பிரிவினையை பேஸ்பால் கைவிட வேண்டியதாயிற்று. அடி பெங்களூருக்கு, பொறுமை சென்னைக்கு என்று நாம் போட்டு வைத்திருக்கும் பிரிவினைக்கும் இனி இடமில்லை.

தங்கவயலில் இந்த வாதத்தை மொழி வழக்காகவோ மாநில வழக்காகவோ மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-இல் சிஎஸ்கே கப் வென்றபோது குவாலிஃபையரில் 63 ரன் அடித்துத் தூக்கி நிறுத்தியவர் கர்நாடகத்தின் ராபின் உத்தப்பா. 2025-இல் ஆர்சிபி கப் வென்றபோது பேட்ஸ்மேன்களுக்கு வழிகாட்டியாக உட்கார்ந்திருந்தவர் சென்னையின் தினேஷ் கார்த்திக். 2021 ஃபைனலில் சிஎஸ்கேவுக்காக 86 அடித்த டு பிளெசி அடுத்த வருடமே ஆர்சிபியின் கேப்டன். வீரர்கள் தாண்டிப்போகும் கோட்டை ரசிகர்கள் மதில் ஆக்க வேண்டியதில்லை. வெற்றியைக் கொண்டாடப் போன கூட்டத்தில் 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். எந்தக் கப்பும் ஒரு உயிருக்கு ஈடாகாது என்பதை இரண்டு கட்சியும் சேர்ந்து சொல்ல வேண்டிய நாள் அது.

சென்னை ரசிகருக்கு சிஎஸ்கேவின் குறை கண்ணில் படாது, பெங்களூர் ரசிகருக்கு ஆர்சிபியின் குறை கண்ணில் படாது. இரண்டு அணியையும் சொந்தமாக நினைக்கும் தங்கவயல் ரசிகருக்கு இரண்டும் படும். வரும் சீசனில் ரயிலில் யாராவது சிக்ஸர் கணக்கோடு வாதத்தைத் தொடங்கினால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஆள் அவுட்டான ஆட்டத்துல ஜெயிச்சுக் கொடுத்தது யாரு?" அதற்கு நான்கைந்து பெயர் சொல்ல முடிகிற அணிதான் கப்புக்குப் போகும் அணி.